அம்மா அடைத்த மலைப்பாதை

உப்பில்லாத சாமைக்கூழ் நாக்கில் பட்டால் ஈரமண்ணைத் தின்பது போல இருக்கும். சித்தேரி மலையில் எங்கள் ஊர்ப் பெண்களும் பிள்ளைகளும் ஒரு கோடையில் அதைத்தான் குடித்துக் கிடந்தோம். யுத்த காலம் அது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களே கரியில் ஓடின. அந்தக் கரிக்காக மலை மலையாக மரம் சாய்ந்தது. ஆண்கள் கம்பைநல்லூர்ப் பக்கம் கடலைக்காய் பிடுங்கப் போயிருந்த சமயம் பார்த்து, ஒரு குத்தகைக்காரரின் ஆட்கள் கோடரிகளோடு ஏறி வந்தார்கள். அவர்கள் குறிவைத்தது எங்கள் ஊற்றைச் சுற்றியிருந்த கடுக்காய்த் தோப்பை. அது போனால் ஊற்று வற்றிவிடும். பிறகு ஊரே மலையை விட்டு இறங்க வேண்டியதுதான்.

மேலே வர ஒரே பாதை. இரண்டு பாறைகளுக்கு நடுவே அது குறுகும் இடத்தை "இடுக்கு" என்போம். என் அம்மா பெண்களைத் திரட்டி அந்த இடுக்கைக் கல்லும் முள்ளும் போட்டு அடைத்தாள். தினைக்கொல்லையில் கிளி விரட்டும் கவணோடு பெண்கள் முறைவைத்துக் காவல் இருந்தார்கள். வந்தவர்களும் விடவில்லை. கீழே கூடாரம் அடித்து, திரும்பி வந்த எங்கள் ஆண்களை ஏறவிடாமல் மறித்தார்கள். மலையின் மறுபக்கம் செங்குத்துச் சரிவு. நாங்கள் அடைத்த வழி எங்களையே உள்ளே வைத்து அடைத்துவிட்டது.

அப்போதுதான் கைக்குழந்தையாக இருந்த என் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. கஷாயம் கேட்கவில்லை; மூச்சு இழுக்கத் தொடங்கியது.

"வழியத் தொறந்துரலாங்க்கா. மரம் போனாப் போவுது," என்றாள் பக்கத்து வீட்டுப் பெருமாயி.

அழுகை கேட்டுக் கீழிருந்து அவர்களுடைய மேஸ்திரி வந்தார். கன்னடக்காரர், குழந்தையை "மகு" என்றுதான் சொன்னார். "கல்லை எடுத்துடுங்கம்மா. மகுவை நாங்களே அரூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறோம்."

அம்மா தம்பியைப் பழந்துணியில் சுற்றிக்கொண்டு கற்குவியல் மீது ஏறி, அந்தப் பக்கம் நீட்டினாள்.

"வாங்கிக்குங்க. கீழ இவங்க அப்பா நிக்கிறாரு, அவரு கையில குடுத்துருங்க. வழி மட்டும் கெடையாதுங்க."

மேஸ்திரி சற்று நேரம் கை நீட்டாமலே நின்றார். பிறகு வாங்கிக்கொண்டு இறங்கினார். பின்னாலேயே ஏறப் போன என் மணிக்கட்டை அம்மா இறுகப் பிடித்தாள். "நீயும் போயிட்டீன்னா நான் இங்க நிக்க மாட்டன்டி," என்றாள்.

அதன்பின் எந்தச் சேதியும் இல்லை. தம்பி பிழைத்தானா என்று சொல்ல ஆள் இல்லை, கேட்கப் போக வழி இல்லை. பால் கட்டி வலித்தபோது அம்மா பாறையோரம் திரும்பி நின்று பீய்ச்சிவிட்டு வந்து, மறுபடி காவலுக்கு உட்கார்ந்தாள். அப்போது அவள் பக்கம் பார்க்காமல் இருக்கப் பெண்கள் எல்லோருமே கற்றுக்கொண்டார்கள்.

மழை பிடித்ததும் கரி இறக்க முடியாதென்று குத்தகைக்காரர் வேறு மலைக்குப் போய்விட்டார். அப்பா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறி வந்தார். குழந்தையை அவர் கையில் கொடுத்த மேஸ்திரி, கூடாரத்துக்குத் திரும்பாமல் அப்படியே தன் ஊருக்கு நடந்துவிட்டாராம். இளைத்துப்போன தம்பிக்கு அம்மாவை அடையாளம் தெரியவில்லை. அவள் தொட்டதும் வீறிட்டான். அந்தக் கோடையில் அம்மா அழுததை நான் பார்த்தது அப்போது மட்டும்தான்.

இன்று அந்தப் பாறைகள் இல்லை. வெடி வைத்துப் பெயர்த்துத் தார்ச்சாலை போட்டுவிட்டார்கள். அம்மாவும் அவளோடு நின்றவர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பஸ் அந்த வளைவைக் கண்மூடித் திறப்பதற்குள் கடந்துவிடுகிறது. பொம்மிடி ரயிலடியிலிருந்து என்னோடு வரும் தம்பி மட்டும், அங்கே வந்ததும் பேசிக்கொண்டிருந்த பேச்சை நிறுத்திவிடுவான்.