சின்னவளுக்கு வந்த பதில்கள்

அச்சகத்தில் பிழை திருத்தும் பெரியவளுக்கு, வீட்டின் மூத்த மருமகளுக்கு, ஊரார் பிழையெல்லாம் கண்ணில் படும். ஆறு வருஷமாக வலைப்பதிவு வைத்திருந்தாள். ஒற்றுப்பிழை பற்றி ஒரு கட்டுரை, சொற்பிறப்பு பற்றி ஒரு கட்டுரை. ஒவ்வொன்றும் செதுக்கி வைத்த மாதிரி இருக்கும். பதில் போட மட்டும் ஆளில்லை.

பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் அவள் ஓர்ப்படி, கொழுந்தன் மனைவி, வீட்டுக்குச் சின்னவள், போன மாதம்தான் எழுத ஆரம்பித்தாள். "பள் புடுங்க வர்றவங்க என் கையப் புடிச்சிக்கிறாங்க. பயந்தப்போ நீங்க யார் கையப் புடிச்சீங்க?" அவ்வளவுதான். நூற்று நாற்பது பேர் பதில் எழுதியிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் சின்னவள் மறுபதில் போட்டிருந்தாள்.

பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'பல்'லுக்கு எந்த 'ல'ன்னு தெரியாதவளுக்கா இவ்வளவு கூட்டம்? மதியச் சாப்பாட்டு இடைவேளையில், சின்னவள் பதிவுக்குக் கீழே பெயரை மறைத்து எழுதினாள்: "முதலில் பிழையின்றி எழுதக் கற்றுக்கொள்ளவும்."

பத்தே நிமிஷத்தில் பதில் வந்தது. "நிஜம்தாங்க. எட்டாவதோட நிறுத்திட்டாங்க. எங்கெங்க தப்புன்னு சொல்றீங்களா?"

பெரியவள் சண்டைக்குத் தயாராக இருந்தாள்; வந்ததோ பாடம் கேட்டு. அந்த ஒரு மாதப் பதிவுகளிலிருந்தும் பதினேழு பிழைகளை வரிசைப்படுத்தி அனுப்பினாள். சின்னவள் எல்லாவற்றையும் திருத்திவிட்டு, நன்றியும் சொன்னாள். மற்றவர்கள் விடுவார்களா? "எனக்கும் ஒரு சந்தேகம்" என்று ஒரு லாரி டிரைவர் கேட்டார். ஒரு நர்ஸ் கேட்டாள். பெரியவளும் ஒரு வாரம் முழுக்க விளக்கிக்கொண்டே இருந்தாள். இத்தனை பேர் அவளோடு பேசியது அதுதான் முதல் தடவை. ஆனால் பேசியது இன்னொருத்தி வீட்டுத் திண்ணையில் என்பது உறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை துணி மடிக்கும்போது சின்னவள் கேட்டாள், "அக்கா, அது நீங்கதானே?"

"எப்படித் தெரியும்?"

"என்னை அவ்வளவு கறாரா வேற யாரு திட்டுவா?"

பெரியவளுக்கு முகம் சிவந்தது. "பொறாமைதான்டி. ஆறு வருஷமா எனக்கு ஒருத்தரும் எழுதல."

"நீங்க ஒண்ணுமே கேக்கலியேக்கா. எல்லாத்தையும் நீங்களே சொல்லி முடிச்சுட்டுக் கதவைச் சாத்திடுறீங்க."

கோபம் வந்தது. ஆனாலும் அன்று சாயங்காலம் தன் பதிவில் எழுதினாள்: "திரும்பத் திரும்பத் தப்பாக எழுதும் சொல் உங்களுக்கு எது?"

ஒன்பது பேர் பதில் எழுதினார்கள். லாரி டிரைவர் மூன்று முறை வந்தார். சின்னவளுக்கு அன்று இருநூறைத் தாண்டியிருந்தது. அதையும் பெரியவள் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒன்பது பேருக்கும் மறுபதில் எழுத உட்கார்ந்தாள்.