தம்பி கூட்டிட்டுப் போறதாச் சொன்ன தீவு

பொறந்த வீட்டுல என்னை எதையும் தேர்ந்தெடுக்கச் சொன்னதே கிடையாது. கல்யாணப் புடவையைக்கூட அம்மாவும் சித்தியும் எடுத்துட்டு வந்துதான் "கலர் நல்லாருக்கா"ன்னு கேட்டாக. பில் போட்ட பொறவு நல்லா இல்லைன்னு சொல்லவா முடியும்? அப்படி வளந்தவளுக்கு ராஜபாளையத்துலருந்து ஒரே தம்பி போன் பண்ணி, "அக்கா, இந்த லீவுக்கு ரெண்டு குடும்பமும் சேந்து ஏதாவது ஒரு தீவுக்குப் போவோம். ரிசார்ட்டை நீயே பாத்துச் சொல்லு, நீ கை காட்டுற எடத்துக்குத்தான் போறோம்"னு சொன்னா எப்படி இருக்கும்? எனக்குத் தலைகால் புரியலை.

தம்பிக்கு அங்க பேண்டேஜ் துணி ஃபேக்டரி. வசதியான ஆளு. நான் ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு வாத்தியார் பொண்டாட்டி. எங்களுக்கு டூர்னா குற்றாலம், அதுவும் காலையில போயிட்டு சாயங்காலம் திரும்புறது.

அன்னைலருந்து சமையல் முடிஞ்சதும் நானும் காலேஜ் படிக்கிற எம்மகளும் போனும் கையுமா உக்காந்துருவோம். மாலத்தீவு பாத்தோம். தண்ணிக்கு மேல கால் ஊனி நிக்கிற வீடுக, படிக்கட்டுல எறங்குனா நேரா கடல். ஆனா எங்க வீட்டுல யாருக்கும் பாஸ்போர்ட் கிடையாது. லட்சத்தீவுக்குத் தனியா பெர்மிட் வாங்கணும்னு போட்டிருந்துச்சு. கடைசியில அந்தமான்ல ஒரு எடம் மனசுக்குப் பிடிச்சுப்போச்சு. ஓலை வேய்ஞ்ச தனித்தனிக் குடிசை, உள்ள ஏசி, வாசல்ல ஊஞ்சல், சுத்தித் தென்னைமரம். "தென்னந்தோப்புல வளந்தவ தென்னைமரம் பாக்கவா அந்தமான் போறே"ன்னு வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுனாரு. சோழபுரத்துப் பக்கம் எங்க அப்பா விட்டுட்டுப் போன தோப்பைத்தான் சொன்னாரு. அது இன்னும் அப்பா பேர்லதான் இருக்கு. பாத்துக்கிடுறது தம்பி. தேங்கா வெட்டுனா எனக்கு ஒரு சாக்கு வந்து எறங்கும். அதுக்கு மேல நான் கேட்டதில்லை.

நான் படம் அனுப்ப அனுப்ப தம்பி "சூப்பர்க்கா"ன்னு போடுவான். அவன் பொண்டாட்டி, நான் வாங்குற டீத்தூள்லகூட குறை கண்டுபிடிக்கிறவ, "மதினி செலக்‌ஷன்னா கேக்கணுமா"ன்னு போட்டா. அங்கேயே எனக்கு உறைச்சிருக்கணும். எங்க உறைச்சுது? கடலைப் பாத்த மாதிரி ரெண்டு குடிசை, அடுத்தடுத்து வேணும்னேன். சரின்னுட்டான். அக்கா மேல எம்புட்டுப் பாசம்னு பக்கத்து வீட்டுக்காரிகிட்டப் பீத்திக்கிட்டேன்.

பொறவு டிக்கெட் போடணும்னு என்னோட ஆதார், பான் கார்டு, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ரெண்டு கேட்டான்.

"அந்தமானுக்கு எதுக்கு பான் கார்டு?"ன்னாரு வீட்டுக்காரர். "எனக்கும் மகளுக்கும் போட்டோ கேக்கலையே?"

"எங்க வீட்டு ஆளுகன்னாலே உங்களுக்குச் சந்தேகம்தான்"னு அவர் வாயை அடைச்சுட்டு, தலைக்குக் குளிச்சு, பூ வச்சுக்கிட்டு ஸ்டுடியோவுக்குப் போனேன்.

கிளம்புறதுக்கு ஒரு வாரம் இருக்கும். தம்பி வீட்டுக்கு வந்தான். காப்பியைக் குடிச்சுட்டு டம்ளரைக் கீழ வைக்கும்போதே சொன்னான். "அக்கா, நாளன்னைக்கு செத்த நேரம் பத்திர ஆபீஸுக்கு வந்துட்டுப் போ. தோப்பை பிளாட் போட ஆள் வந்திருக்கு. உன் பங்கை எனக்கு விட்டுக்குடுத்ததா எழுதிக் குடுத்துட்டா வேலை முடிஞ்சுரும். பத்திரமெல்லாம் ரெடி. சும்மா ஒரு கையெழுத்துதான்."

நான் காலி டம்ளரை எடுத்துக்கிட்டு எந்திரிச்சேன்.

"உனக்கு என்னக்கா குறை வச்சோம்? கல்யாணத்துக்கு நகை போட்டாச்சு. இப்பக்கூட நீ கேட்ட ரூமுதான..."

எங்க பக்கம் இது புதுசில்லை. கூடப் பொறந்தவளுக்கு ஒரு பட்டுச்சேலையைக் குடுத்துக் கையெழுத்து வாங்கிருவாக. எனக்குச் சேலைக்குப் பதிலாத் தீவு, அம்புட்டுத்தான். பங்கைக் குடுன்னு நான் என்னைக்காவது வாயைத் திறந்திருக்கேனா? "எனக்குத் தேவைப்படுதுக்கா"ன்னு நேரா வந்து கேட்டிருந்தா யோசிக்காமக் குடுத்திருப்பேன். கிறுக்கி மாதிரி ஒரு மாசமா ஊஞ்சலும் ஜன்னலும் பாக்க விட்டுட்டானே.

ஆனாலும் மாட்டேன்னு சொல்ல வாய் வரலை. சொன்னா தாய்வீடு போச்சு. மகளுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்கோம். தாய்மாமன் இல்லாம எந்தச் சடங்கு நடக்கும்? போட்டுத் தொலைப்போம்னுதான் ராஜபாளையத்துக்கு பஸ் ஏறுனேன்.

பத்திரத்துல என் போட்டோவை ஒட்டியிருந்தாக. பூ வச்சுக்கிட்டு இளிச்சுக்கிட்டு இருக்கேன். ஆபீசர் நல்ல மனுசன். என்னை நிமிர்ந்து பாத்து, "முழுச் சம்மதத்தோடதான எழுதிக் குடுக்கீங்க?"ன்னு கேட்டாரு.

"சம்மதம்தான் சார்"னான் தம்பி.

நான் வாயைத் திறக்கவே இல்லை. அவன் என் முகத்தைக்கூடப் பாக்கலை. பேனா மூடியைத் திறந்து என் கையில குடுக்கான். அப்பத்தான் எனக்கு ஆத்திரம் தாங்கலை. "அவரு என்னையத்தான கேக்காரு"ன்னேன். ஆபீசர்கிட்டத் திரும்பி, "எனக்குச் சம்மதம் இல்லை சார்"னேன். அவரு காகிதத்தை ஓரமா வச்சுட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாரு.

வெளிய வந்ததும் தம்பி, ஏன்க்கான்னு ஒரு வார்த்தை கேக்கலை. "டிக்கெட் போட்டாச்சே"ன்னான்.

அவுக போனாக. எங்க எடத்துக்கு அவன் பொண்டாட்டியோட தங்கச்சி குடும்பம் போச்சு. தம்பி பொண்டாட்டி போட்ட ஸ்டேட்டஸைப் பாக்கக் கூடாதுன்னு நெனச்சேன், ஆனா ஒண்ணு விடாமப் பாத்தேன். மகளும் பாத்தா. போனைக் கவுத்து வச்சுட்டு உள்ள போயிட்டா.

அடுத்த தையில மகளுக்கு நிச்சயம் கூடி வந்துச்சு. நானும் வீட்டுக்காரரும் பழம், வெத்தலையோட தம்பி வீட்டுக்கு அழைக்கப் போனோம். அவன் பொண்டாட்டி வாசக்கதவைப் பாதி திறந்து, "அவரு ஊர்ல இல்லை மதினி"ன்னா. உள்ள அவன் போன்ல பேசிக்கிட்டு இருந்தது எங்களுக்கு நல்லாவே கேட்டுச்சு. தட்டை வாசப்படியில வச்சுட்டு வந்தோம்.

நிச்சயத்தன்னைக்கு மண்டபத்துல மாப்பிள்ளையோட அம்மா, "தாய்மாமனைக் கூப்பிடுங்க, தட்டு மாத்தணும்ல"ன்னாக. கூட்டம் பூரா என்னைப் பாத்துச்சு.

"குடும்பத்தோட அந்தமான் போயிருக்கான்"னு சொன்னேன்.