வெடிச் சத்தம் கேட்ட அந்தப் பகல்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு கிராமத்தில் நடந்தது இது. பேச வராதவர்களுக்குப் பேசும் கருவியைப் பழக்கிவிடுவது என் வேலை. டேப்லெட்டில் ஒரு படத்தைத் தொட்டால் அது அந்த வார்த்தையைச் சொல்லும். அவ்வளவுதான் சங்கதி.

அந்த வீட்டுப் பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. பிறவியிலேயே மூளைவாதம், கை கால் சொன்னபடி கேட்காது, பேச்சும் வராது. அம்மா காலையில் பட்டாசுக் கம்பெனி வேனில் போனால் பொழுது சாயத்தான் வருவார். பகலில் பக்கத்து வீட்டு அக்காதான் துணை.

"வெடிச் சத்தம்னா இவளுக்கு ஆகாது டீச்சர். கேட்டா அன்னைக்குப் பூரா அழுகைதான். காதுல பஞ்சை வச்சு, டிவியைச் சத்தமா வச்சு விட்டுருவோம்" என்று அம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். நானும் பெரிய கெட்டிக்காரி மாதிரி 'சத்தம்', 'பயம்' என்று இரண்டு படங்களைச் சேர்த்து வைத்தேன்.

ஒரு நாள் பழக்கிக்கொண்டிருக்கும்போதே தூரத்தில் டமார் என்று கேட்டது. ஜன்னல் அதிர்ந்தது. எங்கோ ஒரு பட்டாசுக் கம்பெனியில் விபத்து. அக்கா போனோடு வாசலுக்கு ஓடினார். இவள் அலறினாள். 'பயம்' படத்தை அவள் பக்கம் நகர்த்தினேன். என் கையைத் தட்டிவிட்டாள். விரல் கண்ட படங்களில் எல்லாம் வழுக்கி, கடைசியில் கருவி பேசியது.

"அம்மா... எங்கே?"

மறுபடியும் மறுபடியும் அதேதான். அக்காவைக் கூப்பிட்டு, இவள் அம்மாவுக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டேன்.

"மதினி நல்லாத்தான் இருக்காக. இது வேற கம்பெனியாம், பாவம். கம்பெனி வாசக் கேட்டுல குடுத்து வச்ச போனை வாங்கி இப்பத்தான் பேசுனாக. எப்பவும் பேசிருவாகளே!"

"அதை இவகிட்ட சொல்வீங்களா?"

"இவளுக்கு என்ன டீச்சர் விளங்கப் போகுது?" என்றார், கள்ளமில்லாமல். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்து, "உங்கம்மா நல்லா இருக்கா ஆத்தா, சாயங்காலம் வந்துருவா" என்றார். அழுகை அப்படியே நின்றது.

மாலையில் விஷயத்தைக் கேட்ட அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "அம்புட்டுத் தடவையும் ஊருக்கெல்லாம் சேதி சொன்னேனே, எம் மககிட்ட சொல்லணும்னு தோணலியே! நான் வீடு வந்து சேர்ற வரைக்கும் செத்துட்டேன்னுல்ல நெனச்சுக் கெடந்திருக்கா!"

கருவி வந்து அவளைப் பேச வைத்தது என்று பலரும் என்னைப் பாராட்டுகிறார்கள். எனக்கோ இன்னும் மனசு ஆறவில்லை. 'அம்மா எங்கே' என்று கேட்பதற்கு அவளுக்குத்தான் கருவி வேண்டியிருந்தது. 'அம்மா நல்லா இருக்கா' என்று சொல்வதற்கு எங்களுக்கெல்லாம் வாய் இருந்ததே!