மே தினத்தில் கைதூக்கியவர்கள்

என் அப்பா விவசாயி. என் கணவர் டேனரித் தொழிலாளி. இந்த இரண்டையும் சொன்னால் போதும், எங்கள் வீட்டில் பல வருஷமாக என்ன பேச்சு நடந்திருக்கும் என்று ஆம்பூர் பக்கத்து ஆட்கள் சொல்லிவிடுவார்கள். மற்றவர்களுக்கு நான்தான் சொல்ல வேண்டும்.

டேனரி என்றால் ஆட்டுத் தோலையும் மாட்டுத் தோலையும் பதனிடும் கம்பெனி. பச்சைத் தோல் கெடாமல் இருக்க அதில் உப்பை அள்ளிப் போட்டுத்தான் லாரியில் ஏற்றுவார்கள். அந்த உப்பும், பிறகு சேரும் ரசாயனமும் கழிவுத் தண்ணீரில் போகும். அதைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் விட்ட காலத்தில் பாலாற்றங்கரைக் கிணறுகள் பல கெட்டுப்போயின. அப்பாவின் கிணறும் அப்படித்தான் போனது. தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருக்கும். வாயில் வைத்தால் துப்பிவிடுவோம். தென்னை காய்த்தது, ஆனால் காய் உள்ளங்கைக்குள் அடங்கியது. நெல் போட்ட நிலத்தில் நெல் நின்றுபோய், கடலையும் கேழ்வரகும் மட்டும் ஏதோ வந்தன.

அதனால் அப்பாவுக்கு அரசியல் என்பது ஒரே சொல்: மூடணும். ஓட்டுக் கேட்டு எந்தக் கட்சி வந்தாலும் வரப்பிலேயே நிறுத்தி, “கம்பெனிய மூடுவியா, மாட்டியா?” என்று கேட்பார். தலையாட்டியவருக்கு ஓட்டு. ஜெயித்தவர் மூடவில்லை என்றால் அடுத்த முறை தலையாட்டுகிற வேறொருவருக்கு. “இந்த ஊர்ல எல்லாக் கட்சிக்கும் ஓட்டுப் போட்டவன் நான் ஒர்த்தன்தான்” என்பார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

என் கணவர் எனக்கு அத்தை மகன். அத்தை வீட்டில் நிலத்தை விற்றுவிட்டதால் பள்ளிக்கூடம் முடித்த கையோடு டேனரிக்குப் போனவர். தோலைப் போட்டுச் சுற்றும் பெரிய மர டிரம்களில் வேலை. தன் கட்சியின் தொழிற்சங்கத்தில் துணைச் செயலாளர். கம்பெனி மேல் கைவைக்கிறவன் தொழிலாளி வயிற்றில் அடிக்கிறவன் என்பது அவருடைய வாதம்.

நான்? பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அப்பாவோடு சாலை மறியலில் உட்கார்ந்து “மூடு, மூடு” என்று கத்தியிருக்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் சேர்ந்தேன். அப்போது, “தோல் இல்லன்னா எங்களுக்கு வேல ஏது?” என்று பேச ஆரம்பித்தேன். இரண்டு முறையும் மனதாரத்தான் பேசினேன். நிற்கிற இடத்திலிருந்து எது தெரிகிறதோ அதைத்தானே யாரும் பேச முடியும்.

என் மகளுக்குக் காது குத்திய அன்று பந்தியிலேயே சண்டை வந்தது. யாரோ தண்ணீர் கேன் தீர்ந்துவிட்டது என்றார்கள். அப்பா இலையிலிருந்து நிமிர்ந்து, “கேன் எதுக்கு? மாப்ள கம்பெனித் தண்ணி நம்ம கெணத்துல நெறய கீது, எடுத்தாந்து ஊத்துங்க” என்றார்.

என் கணவருக்கு முகம் சிவந்துவிட்டது. “கம்பெனிய மூடிட்டா உங்க பொண்ணுக்கு நான் இன்னா போடறது மாமா? உங்க கெணத்துத் தண்ணியையா?”

அப்பா பாதிச் சோற்றில் இலையை மூடி எழுந்தார். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. மாப்ள என்ற வார்த்தை போய் “உன் வீட்டுக்காரரு” ஆனது. மாமா போய் “உங்கப்பா” ஆனார்.

சில வருஷம் கழித்து, சோதனைக்கு வந்த அதிகாரிகள் குறை கண்டுபிடித்து, கணவர் வேலை செய்த டேனரியை மூடச் சொல்லி உத்தரவு போட்டார்கள். வாசலில் சீல் வைத்துவிட்டார்கள். அப்பா ஊரெல்லாம் இனிப்புக் கொடுப்பார் என்று நினைத்தேன். அவர் ஒரு மூட்டை வேர்க்கடலையோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கணவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். அப்பா என்னைப் பார்த்துச் சொன்னார்:

“நெலத்துல வேலைக்கு ஆள் கெடைக்கல. உன் வீட்டுக்காரரு வருவாரான்னு கேளு.”

கணவரும் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்: “எப்ப வரணும்னு உங்கப்பாவக் கேளு.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு, “நாளைக்குக் காலைல” என்று நானே இருவருக்கும் பதில் சொன்னேன்.

அப்படித்தான் கணவர் மண்வெட்டியோடு அந்த நிலத்தில் இறங்கினார். வாய்க்கால் தூர் எடுத்தார், களை பறித்தார், பம்புசெட்டில் குளித்துவிட்டு உடம்பெல்லாம் சொறிந்துகொண்டு வந்தார். மாமனார் பேச்சில் பாதி மிகை என்றே அதுவரை நினைத்திருந்தவர் அவர். ஒரு சாயங்காலம் டீ குடிக்கும்போது தானாகவே பேச ஆரம்பித்தார்.

“தண்ணி காஞ்ச இடத்துல வெள்ளையா படிஞ்சிகினு கீது. தொட்டு நாக்குல வெச்சேன். நான் தெனம் கம்பெனியில தோல்லேர்ந்து உதறிக் கொட்ற உப்பு. அதே உப்பு.”

“அப்பா சொன்னதுதானே?”

“சொன்னாரு. கேக்கறது வேற, நாக்குல வெக்கறது வேற” என்றார்.

அப்பாவுக்குள்ளும் ஏதோ நடந்துகொண்டிருந்தது, ஆனால் அவர் சொல்லவில்லை. அவர் தெருப் பையன்கள் பலர் அதே டேனரியில் கூலிக்குப் போனவர்கள். ஒவ்வொருவராக ஜோலார்பேட்டை போய் ரயில் ஏறி பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போனார்கள். ஒருநாள் மதியம் வந்த அப்பா என்னை வீட்டில் பார்த்து, “வேலைக்குப் போவலியா, உடம்பு சரியில்லியா?” என்றார்.

“தோல் வரலப்பா. எங்க லைன நிறுத்திட்டாங்க.”

“அந்தக் கம்பெனி வேற, உன் கம்பெனி வேறயாச்சே?”

“அங்கேர்ந்துதான் எங்களுக்குத் தோல் வருது.”

கொடுத்த மோரைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மூடணும் என்று அவர் இத்தனை வருஷம் சொன்ன சொல் என் தையல் மிஷின் வரைக்கும் வரும் என்று அவர் நினைத்ததே இல்லை. போகும்போது செருப்பைப் போட்டுக்கொண்டே, “மூடி ஆறு மாசத்துக்கு மேல ஆவுது. மழையும் பேஞ்சிது. கெணறு மட்டும் அப்படியேதான் கீது” என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

பிறகு நிபந்தனைகளோடு டேனரி மறுபடி திறந்தது. கழிவுத் தண்ணீரைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும் என்பது முதல் நிபந்தனை. கணவர் பழையபடி டிரம் பிரிவுக்குப் போனார்.

ஐப்பசியில் அடைமழை. வேலையில் இருந்தவர் கழிவுத் தொட்டியின் ஒரு குழாயை ஓடைப் பக்கம் திறந்துவிட்டிருப்பதைப் பார்த்தார். சூப்பர்வைசரிடம் கேட்டபோது, “மழைத் தண்ணியோட கலந்து போய்டும், வுடு” என்றாராம். முன்பும் இப்படி நடந்திருக்கிறது, கணவர் தாண்டிப் போயிருக்கிறார். இந்த முறை முடியவில்லை. அந்த ஓடை எந்த வாய்க்காலுக்குப் போகிறது என்று அவருக்கு இப்போது தெரியும். அந்த வாய்க்காலைத் தூர் எடுத்தவர் அவர்.

அவரோடு ஜோடியாக டிரம்மில் வேலை செய்யும் நண்பர் ஒருவர். வீட்டில் உருது, எங்களோடு தமிழ். அவர்தான் முதலில் தடுத்தார். “பேஜாரு எதுக்கு தோஸ்த்? மறுபடி சீல் வெச்சிட்டா நம்ம புள்ளைங்க எங்க போவும்?”

“சீல் வெக்கச் சொல்லல. கொழாய மூடச் சொல்றேன்.”

கணவர் சங்கத்தில் சொன்னார். பேசலாம் என்றார்கள். பொங்கல் போனது, பங்குனி போனது, பேசவில்லை. “வெளிய எங்கயும் வாய வுட்டுடாத” என்று மட்டும் சொன்னார்கள். அவர் ராத்தூக்கம் கெட்டுத் திரிந்ததை நான் பார்த்தேன். சங்கம் என்பது அவருக்குப் பிறந்த வீடு மாதிரி. கடைசியில் என்னிடம் கேட்டார்: “சொன்னா பதவி போவும். வேலையும் போனாலும் போவும். இன்னா சொல்ற?”

“என் மிஷின்தான் இப்ப ஓடுதே. பாத்துக்கலாம்” என்றேன்.

மே தினத்தன்று எங்கள் ஊரில் கிராமசபை. பள்ளிக்கூட வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டிருந்தார்கள். வழக்கம்போல அப்பா எழுந்து “மூடணும்” என்பார் என்று எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவருக்கு முன்னால் என் கணவர் எழுந்தார். சங்கக் கூட்டங்களில் மைக் இல்லாமல் பேசுகிறவர் அன்று மைக்கைக் கேட்டு வாங்கினார்.

“நான் அந்தக் கம்பெனியில வேல செய்றவன். நாளைக்கும் அங்கதான் வேலைக்குப் போவணும்னு நெனைக்கறேன். அத மூட வாணாம். ஆனா மழை வந்தா கொழாய ஓடையில தொறந்து வுடறாங்க. நானே என் கண்ணால பாத்தேன்.”

பின்னாலிருந்து சங்கத்து ஆள் ஒருவர் கத்தினார்: “சங்கத்துல இருந்துகினு கம்பெனிய காட்டிக் குடுக்கறியா?”

“சங்கம் தொழிலாளிக்குத்தானே அண்ணே? தொழிலாளி ஊட்டுல எந்தத் தண்ணிய குடிக்கறாங்க? சொல்லு.”

 பிறகு, வர மாட்டார் என்று நாங்கள் நினைத்த அந்த நண்பர் கூட்டத்தின் ஓரத்திலிருந்து எழுந்தார். “நானும் பாத்தேன். அல்லா மேல ஆணை” என்று சொல்லிவிட்டு உடனே உட்கார்ந்துவிட்டார்.

ஊராட்சித் தலைவி தீர்மானத்தை வாசித்தார். ஓடைக் குழாயை நிரந்தரமாக அடைக்க வேண்டும், கழிவு முழுவதும் சுத்திகரிப்பு நிலையத்துக்கே போக வேண்டும், ஊர்க்காரர் முன்னிலையில் தண்ணீரை எடுத்துச் சோதிக்க வேண்டும். ஆதரிப்பவர்கள் கைதூக்கச் சொன்னார்.

அப்பா எழுந்தார். “இதுல மூடணும்னு இல்லியேம்மா?”

“இல்ல பெரியப்பா.”

“நான் இத்தன வருஷமா கேட்டது அதான்.”

“தெரியும் பெரியப்பா.”

அப்பா என் கணவரைப் பார்த்தார். பிறகு, “மாப்ள சொல்றதும் சரியாத்தான் கீது. எழுதிக்கோ” என்று கையைத் தூக்கினார். மாப்ள என்ற சொல் எத்தனையோ வருஷம் கழித்து அன்றுதான் அவர் வாயிலிருந்து வந்தது. என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் அதற்கு முன்பே கையைத் தூக்கியிருந்தேன். அப்பா தூக்குகிறாரா, கணவர் தூக்குகிறாரா என்று பார்க்கவில்லை. பொது விஷயம் ஒன்றில் என் கை தானாக மேலே போனது அன்றுதான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதுகு நிமிர்கிறது.

அதற்கான விலையை என் கணவர் கொடுத்தார். அந்த மாதமே சங்கப் பதவி போனது. டிரம் பிரிவிலிருந்து பச்சைத் தோல் இறக்கும் கொட்டகைக்கு மாற்றினார்கள். நாற்றமும் பாரமும் ஜாஸ்தியான இடம் அது. பழைய தோழர்கள் சிலர் டீக்கடையில் இவரைப் பார்த்தால் திரும்பிக்கொண்டார்கள். நண்பர் மட்டும் மதியம் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்து இவரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.

அடுத்த மழைக்கு முன்னால் அதிகாரிகள் வந்து, ஊரே பார்க்க அந்தக் குழாயைச் சிமெண்ட் பூசி அடைத்தார்கள். மழை வலுத்த நாட்களில், முன்பு முகம் திருப்பிய தொழிலாளிகளிலேயே சிலர் வேலைக்கு நடுவே போய் ஓடையை எட்டிப் பார்த்துவிட்டு வந்து இவரிடம் சொன்னார்கள். கிணறு இனிக்கவில்லை. மண்ணில் இறங்கிய உப்பு எங்கள் காலத்தில் போகாது என்கிறார்கள். ஆனால் புதிதாக இறங்கவில்லை.

பெரிய பேச்சைக் கேட்டோ, புத்தகம் படித்தோ, காசு வாங்கிக்கொண்டோ இந்த இரண்டு பேரும் மாறவில்லை. ஒருவர் மற்றவருடைய வாய்க்காலில் இறங்கி நின்றார். இன்னொருவர் தன் மகள் பகலில் வீட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். அதன் பிறகு, தெரிந்ததைத் தெரியாத மாதிரி இருக்க இருவராலும் முடியவில்லை. அறுபது வயதுக்கு மேல் கருத்தை மாற்றிக்கொண்டு ஊர் முன்னால் கைதூக்க எத்தனை பேருக்கு மனசு வரும்? என் அப்பாவுக்கு வந்தது.

போன தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் அப்பாவைப் பார்த்ததும், கேட்பதற்கு முன்பே “மூடிடறோம் பெரியவரே” என்று தலையாட்டினார்கள். அவர் விடவில்லை. “மூடினா வேலைக்கு இன்னா செய்வ? தெறந்து வெச்சா தண்ணிக்கு இன்னா செய்வ? ரெண்டுக்கும் பதில் சொல்லிட்டுப் போ” என்று வெயிலில் நிறுத்தி வைத்துவிட்டார். கணவர் தன் கட்சியை விடவில்லை. ஆனால் கட்சிக்காரர்கள் வந்தால் இப்போது அவரும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார். அவர்களுக்கு அவரைப் பார்த்தாலே கொஞ்சம் பயம்.

ஓட்டுப் போட்டுவிட்டு விரல் மையோடு மூன்று பேரும் வெளியே வந்தோம். “யாருக்குப் போட்ட?” என்றார் அப்பா. “எங்களுக்குத்தானே?” என்றார் கணவர்.

“சொல்ல மாட்டேன்” என்றேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் முன்னால் நடந்தேன்.