தம்பியின் காலுக்காகப் போட்ட சாப்பாடு

எங்கள் பக்கத்தில் ஒருவர் "வரேன் லா" என்று சொன்னால் வருவார் என்று அர்த்தமில்லை. வரமாட்டார் என்றும் அர்த்தமில்லை. வாட்சப் குழுவில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறவர்களை நம்பி உலை வைத்தால், வைத்தவள் பானையோடு நிற்க வேண்டியதுதான். இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்துச் சிற்றுண்டிச்சாலை நடத்தியவள் நான். பிள்ளைகளை எண்ணி வைத்துவிடலாம். மணி அடித்தால் வந்து நிற்பார்கள். பெரியவர்களுக்கு மணி கிடையாது.

என் தம்பிக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்தான். குதிகாலில் ஒரு புண், அதைப் பார்க்காமல் விட்டது, பிறகு ஆஸ்பத்திரி, பிறகு முழங்காலுக்குக் கீழே இடது கால் இல்லை. எங்கள் லயத்து வீட்டு வரிசையில் மட்டும் இப்படி மூன்று பேர் இருக்கிறார்கள் என்பதால் யாரும் பெரிதாக அதிர்ச்சி அடையவில்லை. எனக்கு அதுவே ஆத்திரமாக இருந்தது.

செம்பனை எண்ணெய் ஆலையின் வாசலில் ஜாகா வேலை, காவல்காரன் வேலை, ஒன்று காலியாக இருந்தது. உள்ளே வரும் லோரியைச் சுற்றிப் பார்த்து, நம்பரை எழுதிக்கொண்டு, தடையைத் தூக்கிவிட வேண்டும். ஆலையில் கணக்கு எழுதும் கிராணி தம்பியின் பழைய சிநேகிதர். நான்கு மாதம் வேலையைப் பிடித்து வைக்கிறேன், அதற்குள் செயற்கைக் கால் போட்டு நடந்து வரட்டும், சக்கர நாற்காலியில் வந்தால் மேலே ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று சொல்லிவிட்டார். அரசாங்கத்தில் எழுதிப்போட்டிருந்த காலுக்கு எப்போது முறை வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆகவே நாங்களே வாங்க வேண்டும். அவன் மனைவி கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்து வந்த சம்பளத்தில் வீடு ஓடிக்கொண்டிருந்தது. அதில் கால் வாங்க முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோயில் மண்டபத்தில் சாப்பாடு போட்டுப் பணம் சேர்ப்பது என்று முடிவு செய்தோம். கூப்பன் விற்கலாம் என்றேன் நான். கூப்பன் விற்றால் குத்துமதிப்பாகவாவது ஒரு தலைக்கணக்கு கிடைக்கும். தம்பி ஒத்துக்கொள்ளவில்லை.

"முன்கூட்டியே காசு வாங்காதக்கா. வந்து சாப்புடட்டும். சாப்ட்டுட்டு மனசு இருந்தா போடட்டும்," என்றான். வருகிறவர்களை வாசலில் உட்கார்ந்து தானே கும்பிட்டு வரவேற்பேன், போகிறவர்களையும் தானே வழியனுப்புவேன் என்றும் சொன்னான். கால் போனவனுக்கு ரோஷம் போகவில்லை. எனக்கு எரிச்சலும் வந்தது, பெருமையாகவும் இருந்தது.

கூப்பன் இல்லை என்றால் எத்தனை பேர் வருவார்கள் என்று எதை வைத்துச் சொல்வது? எங்கள் தோட்டம் கோல சிலாங்கூரிலிருந்து உள்ளே போகும் பாதையில் இருக்கிறது. லயத்து வீடுகளில் பாதிக்கு மேல் பூட்டிக் கிடக்கின்றன. அந்தக் குடும்பங்கள் கிள்ளான், பத்தாங் காலி என்று போய்விட்டன. வந்தால் வீட்டோடு வண்டி பிடித்து வருவார்கள். வராவிட்டால் ஒருவரும் வரமாட்டார்கள். நாற்பதும் இருக்கலாம், இருநூற்றைம்பதும் இருக்கலாம்.

நான் மூன்று வாரம் இதே வேலையாகத் திரிந்தேன். கோயில் மண்டபத்துக்கு வாடகை இல்லை, ஆனால் கவிச்சி கூடாது. மீ கோரெங், வறுத்த நூடுல்ஸ், போடலாம் என்றாள் தம்பி மனைவி. கிண்டி வைத்த மீ ஆள் வராவிட்டால் பசையாகிவிடும். நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு, மத்தியான வெயிலில் திரிந்துபோகும். முட்டைக்கோஸும் பீன்ஸும் விலை அதிகம், நறுக்கி வைத்தால் வாடும். ஆகவே எனக்கு வேண்டியது மூட்டையாகக் கிடந்தாலும் கெடாத காய், ஆள் வரவர நறுக்கிப் போடக்கூடிய காய், முடிந்தால் சும்மா கிடைக்கும் காய். சுங்கை புரோங்கில் நெல் போடும் ஒரு மலாய்க்காரர், தம்பியோடு முன்பு லோரி ஓட்டியவர், இரண்டு மூட்டை அரிசி கொண்டுவந்து இறக்கினார். தஞ்சோங் காராங்கில் தோட்டம் வைத்திருக்கும் சீனர் பூசணிக்காய் கொடுத்தார். லயத்துக்குப் பின்னால் மொந்தன் வாழை தார் தள்ளி நின்றது. கம்போங் குவாந்தான் பக்கம் இருக்கும் என் பழைய வேலைக்காரி வீட்டுப் பந்தலில் பாகற்காய். அகத்திக்கீரை வேலியிலேயே இருக்கிறது, காலையில் ஒடித்தால் போதும். பாயசம் வைக்கவேண்டாமா என்று கேட்டார்கள். இனிப்பு நீர்க்காரனுக்குக் காசு சேர்க்கிற இடத்தில் பாயசமா என்று நான் வாயை அடைத்துவிட்டேன். அப்பளமும் வேண்டாம், எண்ணெய் விற்கிற விலைக்கு.

ஒவ்வொன்றும் தனித்தனியாக, தனித்தனி நாளில், தனித்தனி ஆளிடமிருந்து வந்தது. ஒவ்வொன்று வந்தபோதும் செலவு குறைந்தது என்று சந்தோஷப்பட்டேன். கஞ்சப்பிசினாறி என்று பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு பட்டம் உண்டு. அந்தப் பட்டத்துக்கு ஏற்றபடி நடந்துகொண்டேன்.

சோறு மூன்று தவணை. முதல் தவணை எழுபது பேருக்கு, பந்தி பாதி நிரம்பியதும் இரண்டாவது உலை, மூன்றாவதுக்கு அரிசியை அளந்து வைத்துவிட்டுத் தண்ணீர் கொதித்தபடி இருக்கும். பூசணிக்காயில் நான்கை மட்டும் வெட்டினேன். மடப்பள்ளி ஜன்னலிலிருந்து பாதை தெரியும். வருகிற மோட்டார் சைக்கிளை எண்ணிக்கொண்டே வேலை பார்த்தேன். பதினொன்றரைக்கெல்லாம் வண்டிகள் வர ஆரம்பித்தன. காரும் வந்தது. கிள்ளானுக்குப் போன குடும்பங்கள்கூட வந்திருந்தன. இரண்டாவது உலையை ஏற்றச் சொன்னேன். அந்த ஒரு மணி நேரம் எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

முதல் பந்தி உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் தம்பி மனைவி பொரியல் வாளியோடு மடப்பள்ளிக்குத் திரும்பி வந்தாள். வாளி நிறைய இருந்தது. மறுசோறு யாரும் கேட்கவில்லை, கறியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒதுக்குகிறார்கள் என்றாள். உப்பு கூடிவிட்டதா என்று நான் வாயில் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. "நீங்களே வந்து எலையப் பாருங்க அண்ணி," என்றாள். அவள் முகம் சரியில்லை.

வெளியே வந்து நீளமாகப் போட்டிருந்த இலைகளைப் பார்த்தேன். வாழைக்காய்ப் பொரியல், பூசணிக்காய்க் கூட்டு, பாகற்காய் வறுவல், அகத்திக்கீரை, ரசம். இனிப்பு இல்லை, அப்பளம் இல்லை. மூன்று வாரமாக நான் சட்டியைச் சட்டியாகத்தான் பார்த்திருந்தேன். ஒரே இலையில் அப்போதுதான் பார்க்கிறேன்.

எங்கள் தோட்டத்தில் அது பதினாறாம் நாள் இலை. கருமக்கிரியை முடிந்து உறவுக்குப் போடுகிற சாப்பாடு. வேறு எந்தக் காரியத்துக்கும் இந்த நாலு காயையும் சேர்த்து யாரும் சமைக்க மாட்டார்கள். இதே இலையை எத்தனையோ வீட்டுக்கு நானே சமைத்துக் கொடுத்திருக்கிறேன். பிறகு எப்படி எனக்குத் தெரியாமல் போனது என்று கேட்பீர்கள். நானும் பல நாள் கேட்டுக்கொண்டேன். சாவு வீட்டுக்கும் எத்தனை பேர் வருவார்கள் என்று முன்னால் தெரியாது. அங்கேயும் கையில் காசு இருக்காது. கெடாத காய், அக்கம்பக்கத்தில் சும்மா கிடைக்கிற காய், ஆள் பார்த்து நறுக்குகிற காய். எந்தக் காரணத்தால் அவர்கள் அந்தக் காய்களுக்குப் போனார்களோ, அதே காரணம் பிடித்து நானும் அங்கேயே போய்ச் சேர்ந்திருக்கிறேன்.

யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் சண்டையாவது பிடித்திருப்பேன். ரசத்தைப் பிசைந்து நாலு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்கள். எழும்போது இலையை மூடினார்கள். நல்ல காரியத்தில் இலையை நம் பக்கமாக மடிப்போம், துக்க வீட்டில் எதிர்ப்பக்கமாகத் தள்ளி மூடுவோம். அன்று வரிசையில் முக்கால்வாசி இலைகள் எதிர்ப்பக்கமாக மூடியிருந்தன. யாரும் யோசித்துச் செய்யவில்லை. கை பழகியிருக்கிறது, இலையைக் கண்டதும் அதுவே செய்துவிட்டது.

மாமரத்தடியில் இரண்டாவது பந்திக்கு நின்றவர்கள் இலைகளை எட்டிப் பார்த்தார்கள். உட்காராமலே, காசு சேர்க்க வைத்திருந்த உண்டியலில் நோட்டைப் போட்டார்கள். பிறகு மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. மூன்றாவது உலைக்குக் கொதித்த தண்ணீரை நான் கீழே ஊற்றினேன். என் திட்டத்தில் பிசகே இல்லை. அளந்து வைத்த அரிசி அப்படியே மூட்டைக்குத் திரும்பிப் போனது.

தம்பி வாசலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வெள்ளைச் சட்டை போட்டு, காலையிலேயே முகச்சவரம் செய்து, மடியில் துண்டு விரித்து இல்லாத காலை மறைத்திருந்தான். வரும்போது எல்லாரும் அவன் கையைப் பிடித்துப் பேசியிருக்கிறார்கள். மண்டபம் காலியான பிறகு நான் அவன் பக்கத்தில் போய் நின்றேன். அவன் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாருமே போயிட்டு வரேன்னு சொல்லலக்கா," என்றான்.

துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது நாங்கள் சொல்லிக்கொள்வதில்லை. அந்த வீட்டுக்குத் திரும்ப வருவேன் என்று சொல்லக்கூடாது. பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். அன்று அத்தனை பேரும் அவன் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் போயிருக்கிறார்கள். சிறுவயதிலிருந்து அவனோடு பந்து விளையாடியவர்கள், லோரியில் ஒன்றாகப் போனவர்கள், ஆலைக் கிராணி உட்பட.

நான் அழுதேன். என் மேல்தான் தப்பு என்றேன். அவன் பசிக்கிறது, இலை போடு என்றான். வேண்டாம், வீட்டுக்குப் போய் வேறு ஏதாவது சாப்பிடலாம் என்று கெஞ்சிப் பார்த்தேன். கேட்கவில்லை. எல்லாவற்றையும் வைக்கச் சொன்னான். எல்லாவற்றையும் சாப்பிட்டான், பாகற்காயை இரண்டாம் முறை கேட்டு வாங்கினான். முடித்ததும் இலையை மெதுவாகத் தன் பக்கமாக மடித்தான். சாப்பாடு நன்றாக இருந்தது என்றான். அப்படி அவன் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உண்டியலில் நாங்கள் நினைத்ததைவிட அதிகம் இருந்தது. சாவு வீட்டில் யாரும் சில்லறை போடுவதில்லை. இரண்டு மாதத்தில் கால் வந்துவிட்டது. ஊன்றுகோல் வைத்துக்கொண்டு லயத்திலிருந்து கோயில் வரை நடந்து காட்டினான், நானும் அவன் மனைவியும் இரண்டு பக்கமும் கையை நீட்டியபடி கூடவே போனோம். ஆனால் ஆலைக்குப் போகவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஒருநாள் நான் கத்திவிட்டேன். அந்த வாசலில் உட்கார்ந்தால் லோரியில் வருகிறவன் எல்லாம் அன்றைக்குத் தனக்கு இலை மூடிவிட்டுப் போனவன்தானே என்று கேட்டான். நாலு மாதம் முடிந்ததும் வேலை வேறு ஆளுக்குப் போனது. கால் அலமாரிக்குப் பக்கத்தில் காலுறை போட்டபடி நின்றது.

மறுவருஷம் வலது பாதத்தில் புண் வந்தது. இந்த முறையும் சொல்லாமல் மறைத்திருக்கிறான். விஷம் இரத்தத்தில் ஏறிவிட்டது என்றார் டாக்டர், ஐந்தாம் நாள் போய்விட்டான். கறிகாய் யாரையும் கொல்லாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். புத்திக்கு அது புரிகிறது. வாழைக்காயைக் கையில் எடுக்கும்போது புரிவதில்லை.

தம்பி வீட்டில் பதினாறாம் நாள் சமையலை நான்தான் செய்வேன் என்று பிடிவாதமாக நின்றேன். பீன்ஸ், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, தக்காளி ரசம், அப்பளம், தேங்காய்ப்பால் ஊற்றிய பாயசம். எல்லாம் விலை கொடுத்து வாங்கியது, எல்லாம் சாயங்காலத்துக்குள் கெட்டுப்போகக்கூடியது. எத்தனை பேர் வருவார்கள் என்று நான் யாரையும் கேட்கவில்லை. பெரியப்பா சமையல்கட்டுக்கு வந்து சட்டிகளைப் பார்த்துவிட்டு, வாழைக்காய் எங்கே, அகத்தி எங்கே, முறை தெரியாதா என்று கேட்டார்.

"அதெல்லாம் அவனுக்கு ஏற்கெனவே போட்டாச்சு பெரியப்பா," என்றேன். அவர் தலையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

கிள்ளான்காரர்கள், பத்தாங் காலிக்காரர்கள், ஆலை ஆட்கள், ஒருவர் பாக்கியில்லாமல் வந்தார்கள். மூன்று தவணைச் சோறும் போதாமல் நாலாவது வடித்தேன். நன்றாகச் சாப்பிட்டார்கள், பாயசத்தை மறுபடி கேட்டார்கள். முடிந்ததும் இலையைத் தள்ளி மூடிவிட்டுப் பேசாமல் எழுந்து போனார்கள். அன்றைக்கு அது சரிதான். அதுதான் முறை.

பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நானும் கிளம்பினேன். கூடத்தில் தம்பியின் படம், அதற்குக் கீழே விளக்கு, பக்கத்துச் சுவரில் அந்தக் கால் சாத்தியிருந்தது. பெரியம்மாவும் இன்னும் சில பெண்களும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நான் படத்துக்கு நேராக நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "போயிட்டு வரேன்டா தம்பி," என்றேன்.

அப்படிச் சொல்லக்கூடாதும்மா என்றார் பெரியம்மா. தெரியும் என்று சொல்லிவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தேன்.