மெலிஞ்சிட்டாய் எண்டு மட்டும் சொல்லாதீங்க

என்ர பேர் ஐறீன். கொட்டாஞ்சேனையில எங்கட ஒழுங்கையில ஆரைக் கேட்டாலும் "அந்த வாய்க்காரியா?" எண்டு கேட்டுத்தான் வீட்டைக் காட்டுவினம். காட்டட்டும். ஹாபர் பக்கம் கப்பல் சாமான் எடுத்துக் குடுக்கிற ஒரு கிளியரிங் ஒபிஸில இருபத்தாறு வருசமா கிளார்க் வேலை பாக்கிறன். வாய் இல்லாட்டி அங்க ஒரு பேப்பரும் நகராது. என்ர மனுசன் கிளறன்ஸ் வாயைத் திறக்கிறதே சாப்பிடத்தான். அதால வீட்டில ரெண்டு பேருக்கும் சேத்து நான்தான் கதைக்கிறது.

எங்களுக்கு ஒரே பிள்ளை, சாமினி. இருபத்து மூண்டு வயசு. ஹெவ்லொக் டவுனில ஒரு கொம்பனியில வேலை. போன ஜூலையில அந்தக் கொம்பனிப் படியில மயங்கி விழுந்திட்டாள். ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்துப் பாத்த டொக்டர் எங்களைத் தனியாக் கூப்பிட்டார். பிள்ளை சாப்பிடுறா, பிறகு பாத்றூமுக்குப் போய் தானே சத்தியெடுக்கிறா, ஒரு வருசத்துக்கு மேலா இது நடக்குது, ரத்தத்தில பொட்டாசியம் நல்லா இறங்கியிருக்கு எண்டார். திரும்பவும் தொடங்கினா இதயத்துக்கு ஆபத்து எண்டும் சொன்னார்.

நான் டொக்டரோட சண்டைக்குப் போயிட்டன். "என்ர வீட்டிலயா? நான் சமைச்ச சாப்பாட்டையா?" எனக்கு முதலில வந்தது கவலையில்லை, ரோசம். நினைச்சா இப்பவும் வெக்கமாக் கிடக்கு.

கிளினிக்கில ரதி மிஸ் எண்டு ஒரு ஆள், வாராவாரம் சாமினியோட இருந்து கதைக்கிறவ. ஓகஸ்டுக்குப் பிறகு ஒருக்காலும் அப்பிடிச் செய்யேல்லை எண்டு சாமினியே எனக்குச் சொன்னாள். நானும் நம்பினனான். ஆனா டிசம்பர் பிறந்ததும் எனக்கு நித்திரை போயிட்டுது. நத்தார் எண்டா எங்கட வீடுகளில தெரியும்தானே, கேக், கொக்கிஸ், தொதல் எண்டு பலகாரமாக் குடுத்து வாய் மூட விடமாட்டாங்கள்.

ரதி மிஸ்ஸிட்டயே போய்க் கேட்டன். "அம்மா, அவங்கட உடம்பைப் பத்தி ஒருத்தரும் ஒண்டும் கதைக்க வேணாம். எவ்வளவு போடுறது எண்டு அவங்களே பாக்கட்டும். சாப்பிட்டு முடிஞ்சு ஒரு அரை மணித்தியாலம்தான் கஷ்டமான நேரம். பக்கத்தில இருங்க, காவல் நிக்காதீங்க" எண்டா. நல்லாத் தலையாட்டிப்போட்டு வந்தன். பஸ்ஸால இறங்கேக்க என்ர மண்டையில மிச்சம் இருந்தது ஒண்டுதான்: ஆரும் பிள்ளையை மெலிஞ்சிட்டாய் எண்டு சொல்லக்கூடாது. ஆஸ்பத்திரியால வந்த நாள் தொட்டு சனம் அதைத்தானே சொல்லிச் சொல்லி அவளை வதைச்சது!

ஃபோனை எடுத்தன். தெஹிவளையில இருக்கிற கிளறன்ஸின்ர அக்கா மாக்ரெட்டுக்கு மட்டும் மூண்டு தரம் எடுத்திருப்பன். "மச்சாள், உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறன். மெலிஞ்சிட்டாய் எண்டு மட்டும் சொல்லிப்போடாதீங்க."

"ஐயோ ஐறீன், எனக்குத் தெரியாதா? இவருக்கும் சொல்லி வைக்கிறன்."

பேக்கரிப் பெடியனுக்குக்கூட சிங்களத்தில சொல்லி வைச்சன். அவன் என்னை ஒரு மாதிரிப் பாத்தான்.

நத்தாரண்டு காலைப் பூசை முடிஞ்சு மாக்ரெட் மச்சாளும் அவட மனுசன் பிறெடி அண்ணனும் சாப்பிட வந்தினம். மஞ்சள் சோறு, கோழி, பன்றிக் கறி, கட்லட். சாமினி தானே போட்டுக்கொண்டாள். ரெண்டு கரண்டி சோறு, ஒரு துண்டுக் கோழி, அரைக் கட்லட். எண்ணக்கூடாது எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டு எண்ணினன். அவள் ஆறுதலாச் சாப்பிட்டாள். ஒருக்கா என்னைப் பாத்துச் சிரிச்சும் விட்டாள். என்ர மாதாவே, தப்பினம் எண்டு நினைச்சன்.

அப்பதான் மாக்ரெட் மச்சாள் வாயைத் திறந்தா. "சாமினி, வந்த நேரமே சொல்ல நினைச்சனான். கன்னமெல்லாம் உப்பி, நல்லா உடம்பு வைச்சிட்டாய். இப்பதான் பாக்க வடிவு!"

"இனிக் கலியாணம் வந்தா சாரிக்கு ரெண்டு முழம் கூட எடுக்கோணும்" எண்டார் பிறெடி அண்ணன்.

சொல்லிப்போட்டு ரெண்டு பேரும் என்னைப் பாத்தினம், ஞானோபதேசத்தைப் பிழையில்லாமல் ஒப்புவிச்ச பிள்ளைகள் மாதிரி. நான் சொன்னதைத்தானே செய்தவை!

சாமினியின்ர கை பீங்கானிலயே நிண்டுது. "வாறன்" எண்டு எழும்பிப் போனாள். பாத்றூம் கதவு சாத்தினது கேட்டுது. கொண்டி விழுந்துது. பைப் திறந்துது. சத்தி எடுக்கிறது எங்களுக்குக் கேக்காமல் இருக்க அவள் ஒரு வருசமாப் பைப்பைத்தான் திறந்து விட்டவள்.

ஓடிப்போய்க் கதவடியில நிண்டன். தட்டுறதா, உடைக்கிறதா? காவல் நிக்காதீங்க எண்டா அந்த மிஸ். நிக்காமல் என்ன செய்ய, சொல்லுங்க?

"அம்மா, நீங்களா நிக்கிறது?"

"ஓம் பிள்ளை."

"போகாதீங்க. ஏதாவது கதையுங்க. சாப்பாட்டைப் பத்தி மட்டும் வேணாம்."

வாயைத் திறந்தன். மனசில வந்ததெல்லாம் சாப்பாட்டுக் கேள்விதான். காலையில சாப்பிட்டியா, மத்தியானம் ஃபோனில என்ன சாப்பிட்டாய், பின்னேரம் வந்தா சோறு போடவா. இதை விட்டா நான் இந்தப் பிள்ளையோட என்னத்தைக் கதைச்சிருக்கிறன்? பைப் ஓடிக்கொண்டே இருந்துது.

"எனக்குப் பயமாக் கிடக்கு சாமினி" எண்டன். "பிழை என்ரதான். அவைக்கு நான்தான் பிழையாச் சொல்லிக் குடுத்தனான்."

பைப் நிண்டுது. "எனக்கும் பயமா இருக்கு அம்மா."

"ஒபிஸில உனக்கு ஆர் கூட்டாளி?"

"இப்பவா கேக்கிறீங்க?"

"ஓம், இப்பதான் கேக்கிறன். சொல்லு."

"ஸும்றா" எண்டாள். பக்கத்து மேசையாம். மயங்கின நாள் தன்ர மடியில இவளின்ர தலையை வைச்சுக்கொண்டு இருந்தவவாம். மனேஜர் மாதிரியே நடந்து காட்டுவாவாம். நான் கதவில சாய்ஞ்சு நிலத்தில இருந்திட்டன். நான் கேக்கக் கேக்க அவள் சொன்னாள். அரை மணித்தியாலத்துக்கு மேல போயிருக்கும்.

கொண்டி திறந்துது. முதலில அவளின்ர வாயைத்தான் பாத்தன். காய்ஞ்சிருந்துது. சத்தியெடுக்கேல்லை. கண் மட்டும்தான் ஈரம்.

"அம்மா, ஸும்றாவை ஒரு நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வரவா?"

"வரச்சொல்லு" எண்டன். என்ன சமைக்க எண்டு நாக்கு நுனி வரைக்கும் வந்திட்டுது. கடிச்சுக்கொண்டன்.