ஒண்டியாக வாசிப்பவர்களுக்கான பெடல்

இன்று காலை கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் டேவிட் என் கையில் லூப் பெடலைத் திணித்தான். நைட் ஷிஃப்ட் முடித்த அவன், காலை ஷிஃப்டுக்கு நான் வந்திறங்கிய ரயிலில் ஏற வேண்டும்.

"கிதார் வாசிச்சு வெச்சிருக்கேன். அதும்மேல நீ பாடு."

பெடலை வாங்கும்போதே கடைக்காரர் சொன்னார், "இது ஒண்டியா வாசிக்கிறவங்களுக்குன்னே செஞ்சது. வாசிச்சத திரும்பத் திரும்பப் போட்டுக்கினே இருக்கும். அதும்மேல நீங்களே இன்னொண்ணு சேத்துக்கலாம்."

நாங்களோ இரண்டு பேர். ஒன்றாக உட்கார்ந்து வாசித்து மாதக்கணக்காகிறது.

மாலை வீட்டில் மைக்கைச் செருகி, பெடலை மிதித்தேன். கிதார் ஓடியது. கடைசியில் பதிவை நிறுத்த மறந்திருக்கிறான். "இன்னா மச்சான், கேக்குதா?" என்றது அவன் குரல்.

மறுபடி கிதார். மறுபடி, "கேக்குதா?"

பாடிப் பதிய மறுபடி மிதித்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் "கேக்குதுடா" என்றேன்.

எல்லாமே பதிவாகியிருக்கிறது, பாட்டைத் தவிர. நாளை ஸ்டேஷனில் அவனிடம் என்ன சொல்லிப் பெடலைக் கொடுப்பது?